‘கர்த்தர் சொல்கிறார்’ என்றால் சோதிக்கக் கூடாதா?

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். கணவர் இறந்து 6 வருடம் ஆகிறது. மகளுக்கு 27 வயது. தை மாதம் நிச்சயம் முடிந்தது, ஆவணியில் கல்யாணம். போன மாதம் தங்கச்சி கூப்பிட்டாள் என்று அவள் போகும் பெந்தெகொஸ்தே சபையின் உபவாச ஜெபத்துக்குப் போனேன். வாசலில் ஜெப விண்ணப்பத் தாளை அவளே நிரப்பிக் கொடுத்தாள். வெளியூரிலிருந்து வந்திருந்த தீர்க்கதரிசி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, என் முழங்கால் வலியை ஆண்டவர் பார்க்கிறார் என்றார். அழுதுவிட்டேன். அடுத்து, “உன் வீட்டில் பேசி வைத்திருக்கிற சம்பந்தம் என்னால் உண்டானதல்ல; மீறினால் ஒரு வருஷத்துக்குள் உன் வீட்டில் சாவு விழும் என்று கர்த்தர் சொல்கிறார்” என்றார். கூட்டம் முடிந்ததும், தடை நீங்க ‘விதைக் காணிக்கை’ கொடுக்கச் சொன்னார்கள். 5,000 ரூபாய் கொடுத்தேன். எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் கேட்டால், “தீர்க்கதரிசன வரமெல்லாம் அப்போஸ்தலரோடு முடிந்துவிட்டது” என்கிறார். தங்கச்சியோ, சந்தேகப்பட்டாலே ஆவியானவருக்கு விரோதமான தூஷணம், மன்னிப்பே இல்லாத பாவம் என்கிறாள். ராத்திரி தூக்கமே இல்லை. கல்யாணத்தை நிறுத்தட்டுமா?
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு, முதலில் இது உங்கள் காதில் விழட்டும். மாப்பிள்ளையைப் பற்றி உண்மையாகவே ஏதாவது தெரியவந்து நிறுத்தினால் அது வேறு. அந்த மேடையில் கேட்ட வார்த்தையை நம்பி நிறுத்தாதீர்கள்.

உங்கள் ஐயரோடு நான் முழுவதும் ஒத்துப்போகவில்லை. “தீர்க்கதரிசனங்களானாலும் ஒழிந்துபோம்” என்று 1 கொரிந்தியர் 13-ல் இருப்பது உண்மைதான். நிறைவானது வரும்போது ஒழியும் என்கிறார் பவுல். வேதாகமம் எழுதி முடிந்ததே அந்த நிறைவு என்று நம்புகிறவர்கள் சீர்திருத்த சபைகளில் நிறையப் பேர் உண்டு. ஆனால் பவுல் அங்கேயே, இப்போது நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம், அப்போது முகமுகமாய்ப் பார்ப்போம் என்கிறார். நான் இன்னும் ஆண்டவரை முகமுகமாய்ப் பார்க்கவில்லை. அதனால் வரம் இன்றும் உண்டு என்றே நம்புகிறேன்.

இது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சமாசாரமும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் 1906-ல் பெந்தெகொஸ்தே எழுப்புதல் பரவுவதற்கு 46 வருடம் முன்பே, 1860-ல், நம் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் நடத்திய ஊழியத்தில் அந்நியபாஷையும் (ஆவியின் ஏவுதலால் கற்காத மொழியில் பேசுவது) தீர்க்கதரிசனமும் வெளிப்பட்டன. உங்கள் மாவட்டமும் அந்தச் சீமையில் இருந்ததுதான்.

ஆனாலும் ஐயரின் பயத்தை அலட்சியம் பண்ணாதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. அருளப்பன் காலத்து எழுப்புதலின் அலை கேரளத்துக்கும் போனது. அங்கே சி.எம்.எஸ். என்ற மிஷனரி சங்கத்தில் யுஸ்தூஸ் யோசேப்பு என்ற போதகர் இருந்தார். தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர், மலையாளத்தில் அருமையான கீர்த்தனைகள் எழுதியவர். 1881-ல் ஆண்டவர் திரும்பி வருவார் என்று அவருடைய கூட்டத்தில் ஒரு தீர்க்கதரிசனம் எழும்பியது. அந்த வருஷமும் வந்தது, போனது. சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டு திரும்பாமல், ‘யுயோமயம்’ என்று தனி மார்க்கமாகவே பிரிந்துபோனார்கள். பக்தியும் கல்வியும் உள்ள மனிதர்களுக்கே இது நடந்தது. இதையெல்லாம் பார்த்த சபைகள் கதவைச் சாத்திக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

சரி, தங்கச்சி சொன்னதற்கு வருகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

மத்தேயு 12-ல் இயேசு தூஷணம் என்று எதைச் சொன்னார்? தம் கண்முன்னே குருடும் ஊமையுமாய் இருந்தவன் சுகமானதைப் பார்த்தும், இது பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்று மனதறிந்து சொன்ன பரிசேயரைப் பார்த்துச் சொன்னார். “ஆண்டவரே, இது உம்முடைய சத்தமா?” என்று அழுதுகொண்டு கேட்கிற ஒரு விதவைத் தாயைப் பார்த்துச் சொல்லவில்லை. பெரோயா பட்டணத்தார் பவுல் பிரசங்கித்ததையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களை நற்குணசாலிகள் என்கிறது அப்போஸ்தலர் 17. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல், தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று சொன்ன கையோடு, எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறார். கொரிந்து சபைக்கோ இன்னும் தெளிவாக: இரண்டு பேராவது மூன்று பேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள். அப்படியானால் பேசுவதற்கு வரம் பெற்றவன் ஒருவன் என்றால், அதை நிதானிக்கிற கடமை சபைக்கு முழுவதும் உண்டு. கேள்வி கேட்கக் கூடாது என்று மிரட்டுகிற தீர்க்கதரிசனம் அந்த ஒழுங்கை அங்கேயே மீறிவிட்டது.

பெயரையும் முழங்கால் வலியையும் சரியாகச் சொன்னாரே என்பீர்கள். தங்கச்சி வாசலில் நிரப்பிக் கொடுத்த தாளைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் என்னென்ன எழுதினாள் என்று அவளிடம் கேளுங்கள். அந்த ஊழியரை நான் குற்றம் சாட்டவில்லை, அவர் அந்தத் தாளைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். அறிவை உணர்த்தும் வசனம் என்று ஒரு வரம் இருப்பதையும் நம்புகிறேன். ஆனால் சொன்னது சரியாக இருப்பது மட்டுமே அத்தாட்சி ஆகாது. பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்ல ஏவுகிற ஆவி கொண்ட பெண் பவுலையும் சீலாவையும் பார்த்து, இவர்கள் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர் என்று கூவினாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. ஆனாலும் பவுல் அந்த ஆவியைத் துரத்தினார். அவளை வைத்து அவளுடைய எஜமான்கள் நல்ல ஆதாயம் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும் அப்போஸ்தலர் நூலில் லூக்கா எழுதி வைத்திருக்கிறார்.

ஆதாயம் என்றதும் அந்த 5,000 ரூபாய் நினைவுக்கு வருகிறது. அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட டிடாக்கே என்று ஒரு சபை ஒழுங்கு நூல் உண்டு. தீர்க்கதரிசிகளை மிகவும் உயர்த்திப் பேசுகிற நூல் அது. அதுவே, ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லி எனக்குப் பணம் கொடு என்று ஒருவன் கேட்டால் அவனுக்குச் செவிகொடுக்காதே என்கிறது. இல்லாதவர்களுக்காகக் கேட்டால் மட்டும் அவனைக் குற்றப்படுத்தாதே என்கிறது. சாவு விழும் என்று முதலில் சொல்லி, அது விலகக் காணிக்கை கேட்பதைப் பரிகாரம் என்று சொல்லலாம். ஊழியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இங்கே என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். மற்றவர்களைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போனால் நான் உண்மையுள்ளவன் ஆகமாட்டேன். ஊழியத்துக்கு வந்த புதிது. பிள்ளையில்லாத சூனேம் ஊர் ஸ்திரீக்குப் பிள்ளை பிறக்கும் என்று எலிசா தீர்க்கதரிசி சொன்ன வாக்கைப் பிரசங்கித்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில், கல்யாணமாகி 9 வருடம் பிள்ளையில்லாத ஒரு தம்பதி. அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு உள்ளம் உருகிவிட்டது. அந்த உருக்கத்தையே ஆவியானவர் என்று எண்ணி, “அடுத்த வருஷம் இதே நேரம் உன் கையில் பிள்ளை இருக்கும், கர்த்தர் சொல்கிறார்” என்று சொல்லிவிட்டேன். சபை முழுக்க அல்லேலூயா. அவள் தொட்டில் கட்ட வெள்ளைப் புடவை வாங்கி வைத்திருந்தாளாம், பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். வருஷம் திரும்பியது, பிள்ளை வரவில்லை. அவர்கள் சபைக்கு வருவதும் நின்றது. நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அவர்களுடைய விசுவாசம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 11 வருடம் கழித்துத்தான் அந்த வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். கணவர் காபி கொடுத்தார். அவள் உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை.

அமெரிக்காவில் ஜெரமையா ஜான்சன் என்ற ஊழியர், 2020 தேர்தலில் டிரம்ப் ஜெயிப்பார் என்று தீர்க்கதரிசனம் சொன்னவர், 2021 ஜனவரியில் தாம் சொன்னது தவறு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதற்காக அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. அதே வருஷம் மைக்கேல் பிரவுன் முதலான பெந்தெகொஸ்தே, கரிஸ்மாட்டிக் தலைவர்கள் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள்: வெளிப்படையாகச் சொல்லி நிறைவேறாமல் போனதற்கு வெளிப்படையாகவே பொறுப்பேற்க வேண்டும் என்று. வரத்தை நம்புகிறவர்களே இப்படி எழுதினது எனக்குப் பெரிய ஆறுதல். நம் ஊர் மேடைகளில் இது நடக்க வேண்டும் என்று ஏங்குகிறேன்.

வரம் இருக்கிற இடத்தையும் பார்த்திருக்கிறேன். என் முதல் சபையில் கருவாடு விற்கும் ஒரு பாட்டி இருந்தார். ஏதாவது உணர்த்தப்பட்டால் மைக்கைத் தேட மாட்டார். ஆராதனை முடிந்து எல்லாரும் போகும்வரை காத்திருந்து, கூடையைக் கீழே வைத்துவிட்டு, “ஐயா, இந்த வீட்டுக்காரங்களுக்காக எனக்கு ஒரு பாரம் வந்துச்சு. ஆண்டவரா, என் நெஞ்சான்னு தெரியல. நீங்க ஜெபிச்சுப் பாருங்க” என்பார். அவர் சொல்லி நான் போன வீடுகளில் யாரும் பயந்ததில்லை. கதவைத் திறந்து அழுதிருக்கிறார்கள். தீர்க்கதரிசனம் மனுஷருக்குப் பக்திவிருத்தியும் புத்தியும் ஆறுதலும் உண்டாகச் சொல்லப்படுவது என்கிறார் பவுல். கொரிந்தியருக்கு எழுதின அந்த வசனத்தின் அர்த்தத்தை எனக்குக் காட்டினவர் அந்தப் பாட்டிதான்.

ஒருவேளை எச்சரிப்பாக இருந்தால்? எச்சரிப்பும் உண்டு. அகபு என்ற தீர்க்கதரிசி செசரியாவில் பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் உமக்கு இப்படி நடக்கும் என்றார். போகாதே, மீறினால் தண்டனை என்று அவர் சொல்லவில்லை. கூட இருந்தவர்கள் அழுது தடுத்தார்கள். பவுல் கேட்டுக்கொண்டார், யோசித்தார், போனார். கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது என்று மற்றவர்கள் அமர்ந்துவிட்டார்கள். கீழ்ப்படியாதவன் என்று அவரை யாரும் சொல்லவில்லை. சொல்லப்பட்ட வார்த்தையைக் கேட்டபிறகும் முடிவெடுக்கும் பொறுப்பு பவுலிடமே இருந்தது. உங்கள் வீட்டு முடிவும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஆகவே தாயாக எதைச் செய்வீர்களோ அதைச் செய்யுங்கள். மாப்பிள்ளையின் வேலை, குடி, கடன், அவர் வீட்டார் பெண்களை நடத்துகிற விதம் எல்லாவற்றையும் இன்னொரு தடவை விசாரியுங்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்பே உங்கள் மனதில் ஏதாவது நெருடியதா என்றும் யோசியுங்கள், சிலசமயம் மேடை வார்த்தை அந்தப் பழைய நெருடலில் போய் ஒட்டிக்கொள்ளும். உங்கள் ஐயரையும் தங்கச்சியின் பாஸ்டரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அழைத்து ஜெபிக்கச் சொல்லுங்கள். பாஸ்டரிடம், “அந்த ஊழியர் சொன்னதை உங்கள் மூப்பர்கள் நிதானித்தார்களா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது அவர். முழங்காலுக்கு டாக்டரிடமும் போங்கள்.

இன்னொன்று. நான்கு பக்கக் கடிதத்தில் தீர்க்கதரிசி சொன்னது இருக்கிறது, ஐயர் சொன்னது இருக்கிறது, தங்கச்சி சொன்னது இருக்கிறது. உங்கள் மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. ஆதியாகமம் 24-ல் ஆபிரகாமின் ஊழியக்காரன் கேட்ட அடையாளம் கிணற்றடியில் அப்படியே நடந்தது. இந்தக் காரியம் கர்த்தரால் வந்தது என்று பெண் வீட்டாரே ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகும், புறப்படுவதற்கு முன் ரெபெக்காளைக் கூப்பிட்டு, இந்த மனுஷனோடே போகிறாயா என்று அவள் வாயாலேயே கேட்டார்கள். இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.