வாசகர் கேள்வி பதில்: புகை வந்தால் உடனே இன்ஜின் போரைப் பிரிக்காதீர்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிகிற பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றித்தான். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒரே கேள்வியாகச் சேர்த்துவிட்டேன். எந்தக் கம்பெனி ஆயில் நல்லது என்று பெயர் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது இந்தப் பக்கத்தில் கிடைக்காது.

கேள்வி: பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்று வாங்கினேன். ஸ்டார்ட் செய்தால் பின்னால் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. போர் (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர் துளை) தேய்ந்துவிட்டது என்றார்கள். ரீபோர் செய்து (துளையைக் கடைந்து), புது பிஸ்டன், ரிங் எல்லாம் போட்டாயிற்று. புகை அப்படியே இருக்கிறது, பிளக்கும் நனைந்துபோகிறது. இனி என்ன செய்வது?

பதில்: செலவு செய்த பிறகு கேட்கிறீர்களே, அதுதான் வருத்தம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ரிங் தேய்ந்தால் கீழே இருக்கிற ஆயில் மேலே ஏறி எரியும், புகை வரும். அதையே பார்த்துப் பழகிய கண் டூ ஸ்ட்ரோக்கையும் அப்படியே பார்க்கிறது. ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே ஆயில் தேங்கி நிற்பதே இல்லை. ரிங் தேய்ந்தால் கம்ப்ரஷன் போகும், கிக்கர் லேசாக இறங்கும், ஏற்றத்தில் வண்டி இழுக்காது. புகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழல்கிற கூடு, கிராங்க் கேஸ் என்று ஒன்று இருக்கிறதே, ஃபோர் ஸ்ட்ரோக்கில் அது வெறும் வீடு, டூ ஸ்ட்ரோக்கில் அது ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கார்புரேட்டரிலிருந்து காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சும், கீழே வரும்போது அதை அழுத்தி மேலே தள்ளும். பம்ப் என்றால் காற்று புகாமல் இருக்க வேண்டும், அதற்காகத்தான் கிராங்க்கின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு ஆயில் சீல், அதாவது ரப்பர் வளையம். கிளட்ச் பக்கத்துச் சீலுக்கு அந்தப் புறம் கியர் ஆயில் நிற்கிறது. ரப்பர் வயதாகி இறுகி உதடு தேய்ந்துவிட்டால், பிஸ்டன் மேலே போகும் ஒவ்வொரு முறையும் கியர் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எரித்துவிடும். உங்கள் வண்டியில் நடப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உறுதி செய்வது சுலபம். கியர் ஆயிலைப் புதிதாக அளந்து ஊற்றி, சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி இறக்கி அளந்து பாருங்கள். வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் உள்ளே மட்டும் குறைந்திருந்தால் சீல்தான். இறக்கிய ஆயிலை மோந்தும் பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் பிஸ்டன் கீழே வரும்போது அதே ஓட்டை வழியாக இந்தப் பக்கமும் தள்ளுகிறது என்று அர்த்தம். சில இன்ஜின்களில் சீலை வெளியிலிருந்தே மாற்றிவிடலாம், சிலவற்றில் கேஸையே பிளக்க வேண்டும். பிளப்பதாக இருந்தால் இரண்டு சீலையும் மாற்றுங்கள், பேரிங்கையும் பாருங்கள், இன்னொரு முறை யார் பிரிப்பது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சீல் மாற்றிய பிறகும் கொஞ்ச நேரம் புகை வரும், சைலன்சருக்குள் ஊறிக்கிடக்கிற பழைய ஆயில் எரிந்து தீர வேண்டும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி போரைக் கழற்றிவிடாதீர்கள்.

கேள்வி: என் வண்டியில் நேர்மாறு. புகையே இல்லை, ஆனால் சூடானதும் ஐடில் தானாக ஏறுகிறது, ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் உடனே இறங்குவதில்லை. கேபிள் புதிது.

பதில்: ஓட்டுவதை நிறுத்துங்கள். உங்களுக்குக் கசிவது கிளட்ச்சுக்கு எதிரே இருக்கிற மேக்னட் (கரன்ட் உண்டாக்குகிற பாகம்) பக்கத்துச் சீலாகவோ, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பராகவோ இருக்கும். அந்தப் பக்கம் ஆயில் கிடையாது, அதனால் உறிஞ்சுவது வெறும் காற்று. காற்று கூடினால் பெட்ரோல் குறைந்த மாதிரி, பெட்ரோலோடு வருகிற ஆயிலும் குறைந்த மாதிரி. இன்ஜின் துள்ளிக்கொண்டு ஓடும், ‘அடடா, என்ன பிக்கப்’ என்று தோன்றும், அப்புறம் ஒருநாள் நீளமான சாலையில் பிஸ்டன் ஜாம் ஆகிப் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு நிற்கும்.

ஐடில் ஏறியிருக்கும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். இறங்கி ஒழுங்கானால் காற்று கசிகிறது என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். சந்தேகம் தீர, இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து உள்ளே மெல்லக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 6 பிஎஸ்ஐ போதும், அதற்கு மேல் அடித்தால் நல்ல சீலும் போகும். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் தெளித்துக் கசிவு கண்டுபிடிக்கிற வித்தையை யாராவது காட்டினால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி: லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்)? ஆளாளுக்கு ஒரு கணக்கு. தாராளமாக ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லதுதானே?

பதில்: வண்டியோடு வந்த புத்தகம் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. 20-க்கு 1 என்றால் லிட்டருக்கு 50 மில்லி, 25-க்கு 1 என்றால் 40, 40-க்கு 1 என்றால் 25, 50-க்கு 1 என்றால் 20. 20-க்கு 1 என்று இருப்பதெல்லாம் பெரும்பாலும் பழைய மினரல் ஆயில் காலத்துக் கணக்கு. இப்போது வருகிற நல்ல ஆயிலுக்கு அவ்வளவு வேண்டியதில்லை என்றாலும், குறைப்பதானால் ஒரேயடியாகக் குறைக்காமல் பிளக்கைப் பார்த்துப் பார்த்துக் குறையுங்கள். டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எஃப்சி அல்லது எஃப்டி என்று இருக்கிறதா பாருங்கள், புகையும் கரியும் குறைவு. டிசி-டபிள்யூ3 என்று இருந்தால் அது படகு மோட்டாருக்கு உரியது, தண்ணீரில் குளிர்கிற இன்ஜினுக்கு. காற்றில் குளிர்கிற உங்கள் வண்டிக்கு வேண்டாம்.

தாராளம் என்பது இங்கே எடுபடாது. கூடுதலாக ஆயில் ஊற்றினால் அந்த அளவுக்குப் பெட்ரோலின் இடம் குறைகிறது, ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் போகிற சின்ன ஓட்டை) வழியாகப் போகிற கலவையில் பெட்ரோல் கம்மி, ஆக இன்ஜின் இன்னும் சூடாகத்தான் ஓடும். கூடவே எக்ஸாஸ்ட் போர்ட்டில் (சிலிண்டரிலிருந்து புகை வெளியேறுகிற வாய்) கரி கட்டும், சைலன்சர் அடைக்கும்.

ஆயிலைத் தானே அளந்து விடுகிற ஆயில் பம்ப் இருக்கிற வண்டி என்றால் (யமஹா 1964-இல் ஒய்ஏ-6 வண்டியில் ஆட்டோலூப் என்று கொண்டுவந்தது, மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள்) பம்ப் கேபிளில் குறி பொருந்துகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். ஆயில் தீர்ந்துபோய் மறுபடி நிரப்பினால் குழாயில் காற்றுக் குமிழி நிற்கும், அதை வெளியேற்றாமல் ஓட்டினால் பம்ப் இருந்தும் பிரயோஜனமில்லை. அந்த ஒரு டேங்க் மட்டும் பெட்ரோலிலும் ஆயில் கலந்து ஓட்டுங்கள். பம்ப்பை நம்ப முடியாது என்று கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். நான் எறிய மாட்டேன், குறியைச் சரிசெய்து வைத்தால் அது மனிதக் கையைவிட ஒழுங்காக அளக்கிறது.

கேள்வி: கார் இன்ஜின் ஆயிலைப் பெட்ரோலில் கலக்கலாமா?

பதில்: வேண்டாம். அது எரிவதற்காகச் செய்ததல்ல.

கேள்வி: சத்தம் நன்றாக இருக்கும் என்று சைலன்சரின் உள்குழாயை எடுத்து, பின்பக்கத்தையும் வெட்டிவிட்டேன். சத்தம் வருகிறது, இழுவை போய்விட்டது. கார்புரேட்டர் டியூனிங்கில் சரியாகுமா?

பதில்: ஆகாது. டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. புதுக் கலவை உள்ளே வரும்போது எக்ஸாஸ்ட் போர்ட்டும் திறந்தே இருக்கிறது, ஒரு பங்கு அப்படியே வெளியே ஓடப் பார்க்கும். அதைத் தடுப்பது சைலன்சரின் வடிவம். அகன்று போய்க் குறுகுகிற அந்தக் கூம்பில் மோதித் திரும்புகிற அழுத்த அலை, ஓடிப்போன கலவையைப் போர்ட் மூடுவதற்குள் சிலிண்டருக்கே திருப்பி அனுப்புகிறது. நீங்கள் வெட்டியது அந்தக் கதவைத்தான்.

இதை முறையாக வளர்த்தவர் கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியில் இருந்த வால்டர் காடன். பெரிய வசதி எதுவும் இல்லாமல் 1961-இல் 125 சிசி இன்ஜினில் 25 குதிரைசக்தி வரை எடுத்தார். அந்த வருடமே அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குப் பக்கம் தப்பி ஓடி, அந்த நுணுக்கத்தோடு சுசுகியில் சேர்ந்தார், அடுத்த வருடமே 50 சிசி உலகப் பட்டத்தை சுசுகிக்கு வாங்கிக் கொடுத்தார். ஒரு குழாயின் வடிவம் நாடுவிட்டு நாடு போன கதை இருக்கிறது, நீங்கள் ரம்பத்தை எடுத்துவிட்டீர்கள். பழைய சைலன்சர் ஒன்று தேடிப் போடுங்கள். உள்குழாயைக் கழற்றிக் கரி எடுப்பது வேறு விஷயம், அதை அவ்வப்போது செய்யத்தான் வேண்டும்.

கேள்வி: மெதுவாக, சமமான வேகத்தில் போனால் இன்ஜின் விட்டுவிட்டு அடிக்கிறது. முறுக்கினால் சரியாகிவிடுகிறது. என்ன கோளாறு?

பதில்: கோளாறு இல்லை. குறைந்த ஆக்சிலேட்டரில் ஏற்கெனவே எரிந்த வாயு முழுக்க வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடும், அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் தீப்பிடிக்காது. கொஞ்சமாக இருக்கும்வரை விட்டுவிடுங்கள். இதைச் சரிசெய்கிறேன் என்று பெட்ரோலைக் குறைத்துக் குறைத்து வைத்துத்தான் பல பேர் பிஸ்டனை ஜாம் ஆக வைக்கிறார்கள்.

கேள்வி: அப்பாவின் வண்டி ரொம்ப நாளாக மூலையில் நிற்கிறது. அப்படியே கிக்கர் அடித்துப் பார்க்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் 2டி ஆயில் விட்டு, கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். கரகரவென்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். டூ ஸ்ட்ரோக் கிராங்க் பேரிங்குக்கு ஓடும்போது வருகிற ஆயில் பூச்சைத் தவிர வேறு பாதுகாப்பு கிடையாது, நின்றுபோன வண்டியில் அதுதான் முதலில் துருப்பிடிக்கும்.

டேங்கில் இருப்பதை முழுக்க இறக்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். நீங்கள் கலந்து வைத்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். அப்படி இருக்க டேப்பைத் திறந்தால் இன்ஜினுக்கு முதலில் போவது ஆயிலே இல்லாத அடித்தண்ணீர். கார்புரேட்டரைக் கழுவி, ஜெட் ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மாட்டுங்கள். கம்பியை விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும், காற்றடித்தால் போதும்.

கேள்வி: புது பிஸ்டனை நானே மாட்டப் போகிறேன். முக்கியமாக எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பிஸ்டன் தலையில் அம்புக்குறி இருந்தால் அது எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் உட்காரும் பள்ளத்தில் ஒரு சின்ன ஊசி இருக்கும், ரிங்கின் இரண்டு முனையும் அந்த ஊசியை நடுவில் வைத்து நிற்க வேண்டும். முனை நகர்ந்து ஏதாவது ஒரு போர்ட்டுக்கு நேராக வந்தால் அதில் மாட்டி உடையும், அதற்காகத்தான் அந்த ஊசி. பிஸ்டன் பின்னை நகராமல் பிடிக்கிற சர்க்ளிப் இரண்டும் புதிதாக இருக்கட்டும், போடும்போது கிராங்க் வாயைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். சிலிண்டரை இறக்கும்போது நேராக இறக்குங்கள், சிக்கினால் இடதும் வலதுமாகத் திருகாதீர்கள், மறுபடி மேலே தூக்கி ரிங்கைப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.