ஏணியைத் தாண்டிவிட்டால் போதும்

கேள்வி: எனக்கு வயது 57. போன மாதம்தான் பணி ஓய்வு பெற்றேன். சிட்னியில் வேலை பார்க்கும் மகன் என்னை அங்கே அழைத்திருக்கிறான். ஹார்பர் பாலத்தின் வளைவு மேல் வழிகாட்டியோடு ஏறிப் பார்க்க எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டான். மாடியில் ஓரமாக நின்று கீழே பார்த்தாலே எனக்குக் கால் கூசும். முழங்காலும் அவ்வப்போது வலிக்கும். ஆசையாகச் செய்திருக்கிறான், வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. பாதியில் பயந்து நின்றுவிட்டால் எல்லோருக்கும் தொந்தரவாகிவிடாதா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உயரம் என்றால் நடுங்குகிறவள்தான் நானும். சில வருடங்களுக்கு முன் அதே பாலத்தில் ஏறி இறங்கினேன். அதனால் பயம் எந்த இடத்தில் வரும் என்று என்னால் உங்களுக்குச் சரியாகச் சொல்ல முடியும்.

உச்சியில் வராது. உச்சி கடல் மட்டத்திலிருந்து 134 மீட்டர். கேட்டாலே தலை சுற்றும். ஆனால் வளைவின் மேல்பக்கம் நாம் நினைப்பதைவிட அகலம், இருபுறமும் கைப்பிடி, மெல்ல மெல்ல ஏறும் படிகள். நீர் வெகு கீழே போய்விடுவதால் கண்ணுக்கு அது படம்போலத் தெரிகிறது. எனக்குப் பயம் வந்தது ஆரம்பத்தில். முதலில் பாலத்தின் அடியில் குறுகலான நடைபாதை. அப்புறம் நெட்டுக்குத்தாக இரும்பு ஏணிகள். அந்த ஏணிகள் வாகனச் சாலையை ஒட்டியே மேலே போகின்றன. தலை சாலை மட்டத்துக்கு வந்ததும் பக்கத்திலேயே கார்கள் இரைந்து பாய்கின்றன. மூன்றாவது ஏணியில் என் கை பிடியை விட மறுத்தது. மேலே நின்ற வழிகாட்டிப் பெண் அவசரப்படுத்தவே இல்லை. "அடுத்த படியை மட்டும் பாருங்கள்" என்றாள். பார்த்தேன், ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பயம் திரும்ப வரவில்லை.

விழுந்துவிடுவோமோ என்ற கவலை வேண்டாம். கிளம்பும்போதே இடுப்பில் பெல்ட் கட்டி, அதிலிருந்து வரும் வாரை ஓர் இரும்புக் கம்பியில் கோத்துவிடுவார்கள். திரும்பி வரும்வரை அதைக் கழற்றுவதே இல்லை. நாம் நடக்க நடக்க அதுவும் கூடவே வழுக்கிக்கொண்டு வரும். செல்போன், கைக்கடிகாரம் என்று கீழே விழக்கூடிய எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள், ஏனென்றால் கீழே சாலையும் ரயிலும் ஓடுகின்றன. கண்ணாடியைக்கூடக் கயிறு போட்டுக் கட்டிவிடுவார்கள். மது அருந்தியிருக்கிறோமா என்று மூச்சை ஊதச் சொல்லிப் பார்ப்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான்.

நீங்கள் உண்மையில் யோசிக்க வேண்டியது முழங்காலைப் பற்றி. ஏறி இறங்க ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், பயிற்சியும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் படுத்தும். வழியில் கதை சொல்வதற்காக அடிக்கடி நிற்பார்கள், அதுவே நல்ல ஓய்வு. இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்றால் பயணத்துக்கு முன் சில வாரம் தினமும் மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுங்கள். வலி கூடினால் டிக்கெட்டை மறந்துவிடுங்கள்.

பாதியில் நின்றுவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் ஒரே கம்பியில் வரிசையாகப் போவதால் நீங்கள் நின்றால் பின்னால் இருப்பவர்களும் நிற்பார்கள், அது உண்மை. ஆனால் கிளம்புவதற்கு முன்பே அதே மாதிரி ஏணியில் உள்ளுக்குள்ளேயே ஏறி இறங்கிப் பழக வைப்பார்கள். முடிவெடுக்க வேண்டிய இடம் அதுதான். அங்கே கால் ஒத்துழைக்கவில்லை என்றால் தயங்காமல் சொல்லி விலகிவிடுங்கள். 1998 அக்டோபர் முதல் ஆட்களை ஏற்றி இறக்குகிறார்கள், பயந்தவர்களைப் பார்ப்பது அவர்களுக்குப் புதிதல்ல.

ஏறினால் ஒன்று செய்யுங்கள். இரும்புத் தகடுகளைப் பிணைக்க அடித்திருக்கும், மொட்டு மொட்டாகத் தெரியும் ரிவெட் ஆணி ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பாதி எலுமிச்சம்பழம் போல, பல தடவை பூசிய சாம்பல் நிறப் பெயின்ட்டோடு வழவழவென்று இருக்கும். பாலம் முழுவதும் இப்படி சுமார் 60 லட்சம். உலையில் சிவக்கக் காய்ச்சி ஒருவர் எறிய, இன்னொருவர் வாளியில் பிடித்து, சூடு ஆறுவதற்குள் அடித்து இறுக்கியிருக்கிறார்கள். இரு கரையிலிருந்தும் வளர்ந்த அரை வளைவுகள் நடுவில் சேர்ந்தது 1930 ஆகஸ்டில், பாலம் திறந்தது 1932 மார்ச் 19 அன்று. கட்டுமானத்தில் 16 பேர் இறந்தார்கள். அந்தத் தொழிலாளர்களுக்கு நம்மைப் போல இடுப்பில் பெல்ட் கிடையாது. அந்த ரிவெட்டைத் தொட்டபோதுதான் என் பயத்தை மறந்து அவர்களை நினைத்தேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், பயமாக இருக்கிறது என்று மகனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். தெரிந்தால் அவன் உங்கள் பின்னாலேயே வருவான், ஏணியில் பேச்சுக் கொடுப்பான். தெரியாவிட்டால் அம்மா ஏன் முகம் கொடுக்கவில்லை என்று அன்று முழுக்கக் குழம்புவான். நீங்கள் மறைக்கப் பார்ப்பது உங்களுக்கும் சுமை, அவனுக்கும் சுமை.

மருத்துவர் வேண்டாம் என்றாலும் ஏமாற்றம் இல்லை. பாலத்தின் தென்கிழக்குக் கல்தூணுக்குள் 200 படி ஏறினால் பார்வை மாடம் இருக்கிறது. அங்கிருந்தே துறைமுகமும் ஓபரா ஹவுஸும் தெரியும். மகன் வளைவில் ஏறும் நேரத்துக்கு நீங்கள் அங்கே நின்றால் கையசைக்கலாம்.

கடைசியாக ஒன்று, நம் வயதுப் பெண்களுக்கு முக்கியமானது. மேலே கழிவறை கிடையாது. ஏறுவதற்காக அவர்கள் தரும் தொளதொள உடையை மாட்டுவதற்கு முன்பே போய்விட்டு வந்துவிடுங்கள்.