மலைச்சரிவில் மங்கிய வெளிச்சம்: கேள்வி-பதில்

மழைக்காலம் தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும். வெளிச்சம் போதவில்லை, நிற்கிற இடம் சரிவு, படம் மங்கல். மலையகத்தில் பல மாதங்களுக்கு நமக்குக் கிடைப்பது இந்த வெளிச்சம்தான். அதைக் குறை என்று நினைத்துத் திருத்தப் போகாமல், அதையே படமாக எடுக்கப் பழக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: லிப்டன் சீட் மலைக் காட்சிமுனையில் விடியற்காலையில் எடுத்த படங்களில் பனிமூட்டம் வெள்ளையாக வராமல் அழுக்குச் சாம்பலாக வருகிறது. கமராவில் கோளாறா? (பண்டாரவளை வாசகர்)

கோளாறு இல்லை. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் கமராவின் ஒளி அளக்கும் மீற்றர் பார்க்கும். படம் முழுக்கப் பனி என்றால், வெளிச்சம் அதிகம் என்று கணக்குப் போட்டு இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை (கமரா போட்ட வெளிச்சக் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) +2/3 முதல் +1 1/3 வரை ஏற்றுங்கள். ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் சற்று முன்னால் நின்றால் போதும். ஆனால் சூரியன் வருமுன் பனி உண்மையிலேயே நீலம் கலந்த சாம்பல்தான். அதைப் பால்வெள்ளையாக்கினால் விடியற்காலையில் எடுத்த படம் காலை பத்து மணிப் படமாகிவிடும்.

நேரத்தையும் கவனியுங்கள். வெயில் ஏறிச் சரிவு சூடானதும் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலே கிளம்பும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் முகில் வந்து மூடிவிடுவது வழக்கம். ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவு என்ற செங்குத்து விளிம்பிலும் இதே கதைதான். அங்கே கீழே சுமார் 870 மீற்றர் பள்ளம். பாறை ஈரமாக இருக்கும்போது கமராவில் கண்ணை வைத்தபடி ஓரடி கூட நகராதீர்கள்.

கேள்வி: தேயிலை மலைச் சரிவில் ட்ரைபொட் நிற்கவே மாட்டேன் என்கிறது. எப்படி வைப்பது? (கொட்டகலை வாசகி)

மங்கிய வெளிச்சத்தில் படம் கெடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு கால்கள் பள்ளத்துப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம். மேட்டுக் காலைக் குட்டையாக்கி அகலமாக விரியுங்கள். கமராவின் பாரம் மூன்று கால்களுக்கும் நடுவே விழ வேண்டும், பள்ளத்துப் பக்கம் சாயக் கூடாது. நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம். ஒவ்வொரு காலையும் கையால் அழுத்திப் பாருங்கள். தேயிலை மலையில் கான் (வடிகால்) ஓரத்து மண் பொலபொலவென்று இருக்கும். வைக்கும்போது பிடித்த கால் ஐந்து நிமிடத்தில் மெல்ல இறங்கும். பத்து விநாடி திறந்திருக்கும் ஷட்டருக்கு அந்தச் சின்ன இறக்கமே போதும், படம் இரட்டையாக விழ. கல் பதித்த குறுக்குப் பாதை அல்லது பாறை இருந்தால் அங்கே வையுங்கள். பையைத் தொங்கவிட்டால் அதன் அடி நிலத்தில் படட்டும். காற்றில் ஆடும் பை ட்ரைபொட்டையும் சேர்த்து ஆட்டும். கமராவின் தோள்வாரையும் சுற்றிக் கட்டிவிடுங்கள். லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதியை) நிறுத்தி, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள்.

நீங்கள் நிற்க வேண்டியது மேட்டுப் பக்கம். ட்ரைபொட்டுக்குக் கீழே நின்று கமராவைப் பார்க்கப் போனால், கால் வழுக்கும்போது பிடிக்க ஒன்றும் இருக்காது. தேயிலைச் செடியைப் பிடிப்பீர்கள், கவ்வாத்து வெட்டிய வாது கையைக் கிழித்துவிடும். தலையில் மாட்டும் டோர்ச் ஒன்று கட்டாயம். நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்கும். மறைந்து இருபது நிமிடம் சொச்சத்தில் இருட்டிவிடும். மாலைப் படத்துக்குப் போகிறவர்கள் இறங்கும் பாதையை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வையுங்கள்.

கேள்வி: ஐஎஸ்ஓ 800க்கு மேல் போகவே கூடாது என்கிறார்கள். உண்மையா? (தலவாக்கலை மாணவர்)

இல்லை, தம்பி. ஐஎஸ்ஓ என்பது கமரா வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டும் என்பதன் அளவு; எஃப் என்பது லென்ஸ் திறப்பின் அளவு, எண் குறைந்தால் திறப்பு பெரிது. டெவன் அருவியை மாலை ஆறு மணிக்கு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எஃப் 8, ஐஎஸ்ஓ 100 வைத்தால் 4 விநாடி கேட்கிறது. நீருக்கு அது அழகு, ஆனால் பக்கத்து மர இலைகள் காற்றில் கரைந்துவிடும். ஐஎஸ்ஓ 1600 என்றால் அதே வெளிச்சத்துக்கு 1/4 விநாடி. எஃப் 4க்குத் திறந்தால் 1/15. ஐஎஸ்ஓ 3200 என்றால் 1/30. முன்னால் செடி, கல் எதுவும் இல்லாமல் தூரத்து மலை மட்டும் என்றால் எஃப் 4 தாராளம்.

குறுணையை (படத்தில் மணல்போல் தெரியும் புள்ளிகளை) மென்பொருளில் குறைக்கலாம், ஆடிப்போன படத்தை மீட்க முடியாது. ஐஎஸ்ஓவுக்குப் பயந்து இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு வெளிச்சம் ஏற்றுவதுதான் அதிகக் குறுணையைக் கொண்டுவரும். ரோ கோப்பாக (சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக) எடுங்கள்.

கேள்வி: வானம் வெளுக்கிறது அல்லது பள்ளத்தாக்கு கறுக்கிறது. இரண்டும் ஒன்றாக வரவில்லை. (மஸ்கெலியா வாசகர்)

மேற்பாதி இருண்ட கிராஜுவேட்டட் ஃபில்டர் கடற்கரைக்குப் பொருந்தும். நம் மலைகள் கோடு போட்டதுபோல் இருப்பதில்லை; அந்த ஃபில்டர் சிவனொளிபாத மலையின் உச்சியையும் சேர்த்துக் கறுப்பாக்கிவிடும். ட்ரைபொட்டை அசைக்காமல் -2, 0, +2 என்று மூன்று படம் எடுத்து இணையுங்கள். காற்று பலமாக இருந்தால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அப்போது வானத்துக்கு ஏற்ப ஒரே ரோ படம் எடுத்து, பள்ளத்தாக்கை அரைவாசி இருட்டில் விட்டுவிடுங்கள். ஆறரை மணிக்கு ஒரு பள்ளத்தாக்கில் ஒவ்வொரு செடியும் தெளிவாகத் தெரிந்தால், பார்ப்பவருக்கு உடனே ஏதோ பொய் என்று தோன்றும். லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) விளக்கு எரியத் தொடங்குவது தெரிய வேண்டுமென்றால் சுற்றி இருட்டு இருந்தாக வேண்டும்.

கேள்வி: படம் எப்போதும் சரிந்தே இருக்கிறது. (இறம்பொடை வாசகர்)

தேயிலை வரிசைகளை நம்பாதீர்கள், அவை கண்ணை ஏமாற்றும். நேராக நிற்கும் ஒன்றைப் பிடியுங்கள்: சவுக்கு மரம், கோயில் கோபுரம், தொழிற்சாலைக் கட்டிடத்தின் மூலை. கமராவுக்குள் இருக்கும் மட்டக்கோட்டையும் போட்டு வையுங்கள்.

கேள்வி: எங்கள் மாணவர்களிடம் போன் மட்டும்தான். அதில் முடியுமா? (பதுளை ஆசிரியை)

நன்றாகவே முடியும், டீச்சர். முதலில் லென்ஸைத் துடைக்கச் சொல்லுங்கள். விரல் எண்ணெயும் பனி ஈரமும் சேர்ந்தால் எல்லா விளக்குக்கும் ஒளிவட்டம் விழும். 1x லென்ஸில் மட்டும் எடுக்கட்டும். அகல லென்ஸுக்குப் பெரும்பாலான போன்களில் சென்சர் சிறியது, மங்கிய வெளிச்சத்தில் தாங்காது. நைட் மோட் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது, ஆகவே போனைக் கல்லிலோ மதிலிலோ சாய்த்து அசையாமல் வைக்க வேண்டும். திரையில் வெளிச்சமான இடத்தை அழுத்திப் பிடித்தால் அளவு பூட்டிக்கொள்ளும். பிறகு விரலால் சற்று இறக்கலாம்.

கேள்வி: கொழுந்து பறிப்பவர்கள் படத்தில் வந்தால் அழகாக இருக்கும். தூரத்திலிருந்து எடுக்கலாமா? (யாழ்ப்பாணத்திலிருந்து வந்து போகும் வாசகர்)

கேட்டுவிட்டு எடுங்கள். கொழுந்தின் எடையில்தான் அவர்கள் நாட்சம்பளம் நிற்கிறது. நிறுத்தி வைத்துப் படம் எடுத்தால் அந்த நேரத்துக்கு யாரும் கணக்குப் போட மாட்டார்கள். "அக்கா, வேலையைச் செய்துகொண்டே இருங்கள், ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்டால் பலர் சிரித்துத் தலையாட்டுவார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். லயத்து வாசலும் அப்படியே. அது ஒருவருடைய வீடு. எடுத்த படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பாமல் போகாதீர்கள்.

கேள்வி: மழை விட்டதும் வெளிச்சம் அருமையாக இருக்கிறது. உடனே மலையேறலாமா? (ஹப்புத்தளை வாசகர்)

வெளிச்சம் அருமைதான். ஆனால் மண் அப்போதுதான் மோசமாக இருக்கும். மழை நின்ற பிறகும் சரிவு இறங்கும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்களையே மண் மூடியதை மலையகம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றாலே முதற்கட்ட எச்சரிக்கை வரும். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, இதில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள். பக்கத்து லயத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: பஸ்ஸில் இருந்து இறங்கியதும் லென்ஸ் உள்ளே பனித்துவிட்டது போலிருக்கிறது. போலரைசர் ஃபில்டர் வேறு மாட்டியிருக்கிறேன், அது தேவையா? (நுவரெலியா வாசகி)

நுவரெலியாக் குளிரில் இருந்து சூடான, ஈரமான இடத்துக்குள் நுழையும்போதுதான் பெரும்பாலும் இப்படி ஆகும். கமராவைப் பையை விட்டு எடுக்காமல் அரை மணித்தியாலம் விடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு பைக்குள் கிடக்கட்டும்; ஈரம் தங்கினால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். போலரைசர் ஒன்று முதல் இரண்டு ஸ்டொப் வரை வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). ஆனாலும் மழை நனைத்த தேயிலை இலையின் பளபளப்பை நீக்கி உள்ளே இருக்கும் பச்சையைக் காட்ட அதுதான் உதவும். ட்ரைபொட் இருந்தால் மாட்டுங்கள், கையில் பிடித்து எடுக்கிறீர்களென்றால் கழற்றிவிடுங்கள்.