பூட்டிக் கொடுத்த கம்பியூட்டருக்கு யார் பொறுப்பு?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் இருக்கிறேன். பகலில் அச்சகம் ஒன்றில் வடிவமைப்பு வேலை. இரவில் நண்பர்களுக்குப் பாகங்களை வாங்கிச் சேர்த்துக் கம்பியூட்டர் பூட்டிக் கொடுத்து வந்தேன். இப்போது தெரியாதவர்களும் தேடி வருகிறார்கள். கல்யாண வீடியோ எடிட் பண்ணும் ஸ்டூடியோக்காரர் ஒருவருக்குப் பூட்டிய மெஷின் நாலே மாதத்தில் பவர் சப்ளை எரிந்து நின்றுவிட்டது. செலவைக் குறைக்கச் சொன்னதால் கேசிங்கோடு வந்ததையே போட்டிருந்தேன். அவர் இப்போது என்னைப் பிடிக்கிறார். பாகங்களின் விலையோடு கொஞ்சம் சேர்த்து வைத்துத்தான் உழைக்கிறேன்; சொந்தக்காரரிடம் அதுவும் கேட்க வாய் வருவதில்லை. இதைப் பகுதிநேரத் தொழிலாகச் செய்யலாமா? எவ்வளவு கேட்பது?

பதில்: தாராளமாகச் செய்யலாம், தம்பி. அதற்கு முன் ஸ்டூடியோக்காரரின் விஷயத்தை முடித்துவிடுங்கள். செலவைக் குறைக்கச் சொன்னது அவர்தான். எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரிந்தவர் நீங்கள். மலிவான கேசிங்கோடு வருகிற பவர் சப்ளையில் 500 வாட் என்று ஒட்டியிருப்பார்கள். அந்தச் சுமையைத் தொடர்ந்து தாங்காதவை அதில் நிறைய உண்டு. எடிட் பண்ணிய வீடியோ முழுப்படமாக உருவாகும்போது, அதாவது ரெண்டர் ஆகும்போது, ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓடும். ஆகவே நல்லதொன்றை உங்கள் காசில் வாங்கிப் போடுங்கள். மதர்போர்டும் டிஸ்க்கும் தப்பியிருக்கின்றனவா என்று அவர் முன்னாலேயே பாருங்கள். இனி யாருக்காவது பட்ஜெட் இடித்தால் கண்ணாடிக் கேசிங்கையும் கலர் லைட்டையும் வெட்டுங்கள். பவர் சப்ளையைத் தொடாதீர்கள்.

கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்த வரி, பாகங்களின் விலையோடு கொஞ்சம் சேர்த்து வைக்கிறேன் என்பது. அதை இன்றோடு விட்டுவிடுங்கள். கொழும்புக் கடைகளின் விலைப்பட்டியல் இன்று எல்லோருடைய போனிலும் இருக்கிறது. ராமில் மூவாயிரம் ரூபாய் கூடியிருப்பதை ஒருவர் கண்டுபிடித்தால், நீங்கள் இரண்டு இரவு முழித்திருந்தது அவர் கண்ணுக்குத் தெரியாது, மூவாயிரம்தான் தெரியும். இன்னொன்று, விலை வைத்து விற்கிறவரிடம்தான் பொருளுக்கான உத்தரவாதத்தையும் கேட்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

வாடிக்கையாளரே கடைக்கு நேரடியாகக் காசு போடட்டும். பற்றுச்சீட்டு அவர் பெயரில் வரட்டும். நீங்கள் எடுப்பது கூலி மட்டும். பாகம் பழுதானால் உத்தரவாதம் கடையோடு. நீங்கள் கழற்றி அனுப்ப உதவுவீர்கள், அவ்வளவுதான். விலை ஏறினாலும் உங்கள் தலையில் விழாது. 2022இல் டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபாய் அளவிலிருந்து 360ஐத் தொட்டது நினைவிருக்கும். 2025 கடைசியில் உலகச் சந்தையில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. இப்படிப்பட்ட சந்தையில் போன மாத விலையை நம்பி வாக்குக் கொடுத்தவர் கைக்காசைத்தான் போட வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுக்கும் விலைக்கணக்கிலும் இது மூன்று நாளைக்குத்தான் என்று போடுங்கள்.

கூலி எவ்வளவு? மெஷினின் விலையில் இத்தனை வீதம் என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், விலை கூடிய கார்டை நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவருக்குச் சந்தேகம் வரும். தெரிவு செய்யும் நேரம், பூட்டும் நேரம், விண்டோஸ் போட்டு அப்டேட் பண்ணும் நேரம், கொண்டுபோய் வைக்கும் நேரம், அப்புறம் வருஷம் முழுக்க வரப்போகும் போன் அழைப்புகள் எல்லாவற்றையும் மணிக்கணக்கில் எழுதுங்கள். அச்சகச் சம்பளத்தில் உங்களுடைய ஒரு மணித்தியாலம் எவ்வளவு என்று பார்த்து, அதற்குக் குறையாமல் பெருக்குங்கள். இரவு வேலை என்பதால் கொஞ்சம் கூட்டலாம். அந்தத் தொகை எல்லோருக்கும் ஒன்றே. அதில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். முதலில் ஒரு நல்ல பவர் சப்ளை வாங்கி வீட்டில் இருப்பாக வைக்கத்தான். கொழும்புக்கு அனுப்பியது திரும்பி வரும்வரை இரவல் கொடுக்கலாம். கல்யாண ஆல்பம் கொடுக்க வேண்டிய ஸ்டூடியோவுக்கு அந்த ஒரு வாரம் பெரிய விஷயம்.

பாகங்களுக்குக் கடை பொறுப்பு என்றால், உங்கள் கைவேலைக்கு நீங்கள் பொறுப்பு. அதை நிரூபிக்க வழி வேண்டும். ப்ராசசர் உட்காரும் இடத்தைத்தான் சொக்கெட் என்பது. இப்போது இன்டெல் ப்ராசசருக்கான சொக்கெட்டிலும், ஏஎம்டியின் ஏஎம்5 சொக்கெட்டிலும் ஊசிகள் மதர்போர்டில்தான் இருக்கின்றன, தலைமயிர் அளவு. ப்ராசசர் கைநழுவி அதன்மேல் விழுந்தால் இரண்டு ஊசி சாய்ந்துவிடும், அதைப் பார்த்த கடைக்காரர் உத்தரவாதம் இல்லை என்பார். பெட்டியைத் திறந்தவுடன் சொக்கெட்டை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துத் தெளிவாகப் படம் எடுங்கள். பக்கத்துப் பக்கத்து ஊசிகள் ஒரே மாதிரி மினுங்க வேண்டும். ஒன்று மட்டும் வேறு மாதிரி மினுங்கினால் பூட்டாமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள். சொக்கெட்டை மூடியிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்கை எறியாதீர்கள், போர்டைத் திருப்பி அனுப்பும் நாளில் அது வேண்டும். தொடர் இலக்கங்களையும் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். பூட்டி முடிந்ததும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓரிரவு ஓடட்டும். மறுநாள் முழுச்சுமை கொடுத்து, வெப்பநிலையைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

அந்தத் தாளிலேயே எது உங்கள் பொறுப்பு, எது இல்லை என்பதும் இருக்கட்டும். கைவேலைக்கு ஆறு மாதம் என்று வைக்கலாம். இடி மின்னல், தண்ணீர், வேறு ஆள் திறந்தது ஆகியவை இதில் சேராது. நம் பக்கத்தில் இதை எழுதாமல் விடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இடி என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொண்டுபோய் வைக்கும்போது சுவர் பிளக்கில் எர்த் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சொல்லி, தாளிலும் குறியுங்கள். யூபிஎஸ் பற்றியும் சொல்லுங்கள்: 650 வீஏ என்பது ஏறத்தாழ 360 வாட்தான், பெரிய கிராபிக்ஸ் கார்டு ஓடும்போது கரண்ட் போனால் அது கைவிட்டுவிடும். கடலோரமான நம் எழுவான்கரை வீடுகளில் உப்புக்காற்று வேறு. வருஷத்துக்கு ஒருமுறை திறந்து, தூசி தட்டி, ராமின் முனைகளைத் துடைத்துக் கொடுப்பதைத் தனிக் கூலிக்குச் செய்யலாம். நிலையாக வரக்கூடிய வருமானம் அதுதான் என்பது என் எண்ணம்.

திருட்டு விண்டோஸ் போடச் சொல்லிக் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்தக் கிராக் ஃபைலோடு என்ன வருகிறது என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது. ஒரு ஸ்டூடியோவின் மூன்று வருஷக் கல்யாணப் படங்கள் வைரஸால் திறக்க முடியாமல் போனால் எந்த உத்தரவாதத் தாளும் உதவாது. காசு இல்லாதவருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுங்கள். படிக்கிற பிள்ளைக்கு அது தாராளமாகப் போதும்.

சொந்தக்காரர் விஷயம் இதனால் லேசாகிவிடும். பாகங்களுக்கான காசு நேரே கடைக்குப் போவதால், “மறுகா தாறன் மனே” என்று மாமி சொன்னாலும் நிலுவையில் நிற்பது உங்கள் கூலி மட்டும்தான். விட்டுக்கொடுக்க மனம் இருந்தால் விட்டுக்கொடுங்கள். பற்றுச்சீட்டில் முழுக்கூலியையும் எழுதி, அதன் கீழே கழிவைக் காட்டுங்கள். மாமி சொல்லி வருகிற அடுத்த ஆள் அந்த முழுத்தொகையைப் பார்த்துக்கொண்டுதான் வருவார்.

மாதத்துக்கு இரண்டு மூன்று மெஷின் என்று நிலைத்துவிட்டால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்றைத் திறவுங்கள். பாடசாலையோ அலுவலகமோ ஒரே தடவையில் ஐந்தாறு மெஷின் கேட்கும்போது பதிவுப் பத்திரத்தைத்தான் முதலில் கேட்பார்கள். அச்சக முதலாளிக்கும் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.