கேள்வி – பதில்: பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பலாமா?

கேள்வி: பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு ஓடுவோம். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு. யாரும் எங்களைக் கண்காணிக்கவில்லை. இப்போது 9 வயது மகனை அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே தனியாக அனுப்பவே பயமாக இருக்கிறது. காலம் கெட்டுவிட்டதா, நாங்கள்தான் பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டோமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: யாரும் கண்காணிக்கவில்லை என்பது உங்கள் நினைப்பு. திண்ணையில் வெற்றிலை இடித்த பாட்டி, பெட்டிக்கடை அண்ணாச்சி, குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் எல்லோரும் ஒரு கண் வைத்திருந்தார்கள். "நீ இன்னார் வீட்டுப் பையன்தானே?" என்று ஒரு அதட்டல் விழுந்தால் போதும், மரத்திலிருந்து இறங்கிவிடுவீர்கள். பொடிசுகளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டு மேய்த்தது 12 வயது அக்காக்கள். இப்போது இல்லாமல் போனது அந்த ஏற்பாடுதான்.

பயம் வீண் என்றும் சொல்லமாட்டேன். தெருவை வண்டிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரின் (மேயர் என்பது அவர் பெயர், பதவியல்ல) குழுவினர் கணக்கெடுத்தபோது, 1971-ல் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990-ல் அது 9 சதவீதம். பெற்றோர் முக்கியமாகச் சொன்ன காரணம் போக்குவரத்து.

ஆகவே இடத்தை முதலில் பாருங்கள். மாலை 5 முதல் 6.30 வரை வேலை முடிந்து வண்டிகள் உள்ளே வரும் நேரம். வாகன நிறுத்தத்தின் சரிவுப் பாதை, நிலத்தடித் தொட்டியின் மூடி, மின்மாற்றி வேலி, இந்த மூன்றும் எல்லைக்கு வெளியே. வாயால் சொன்னால் போதாது, மகனோடு ஒருமுறை சுற்றி நடந்து காட்டுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், குறைந்தது நான்கு பிள்ளைகள். வயது 7 முதல் 13 வரை கலந்திருந்தால் நல்லது. ஒரே வகுப்புப் பிள்ளைகளாகச் சேர்ந்தால் போட்டிதான் மிஞ்சும்.

முதல் வாரம் ஒரு பெரியவர் பெஞ்சில் உட்காரட்டும், நடுவராக அல்ல. அடுத்த வாரம் பால்கனியிலிருந்து பார்த்தால் போதும். பிறகு 20 ரூபாய் கொடுத்து வளாகக் கடைக்கு அனுப்பிப் பாருங்கள். பெரும்பாலும் கெடுவது எங்கே என்றால், சண்டை வந்ததும் தாய் தகப்பன் உள்ளே புகும் இடத்தில். ஒரு பஞ்சாயத்தை நீங்கள் தீர்த்துவைத்தால் மறுநாள் எல்லாப் பஞ்சாயத்தும் உங்களிடம்தான் வரும், ஆட்டம் நடக்காது. அடி, ரத்தம், ஒரே பிள்ளையைத் தினமும் ஒதுக்குவது என்றால் மட்டும் எழுந்து போங்கள்.

கேள்வி: மகளுக்கு நுங்கு வண்டி செய்து கொடுத்தேன். பத்தடி ஓடுவதற்குள் சக்கரம் கழன்று விழுகிறது. மிச்ச நேரம் ஒரு பக்கமாகவே இழுக்கிறது.
– வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் கத்தியால் ஓட்டை போட்டுவிட்டுப் பிறகு குச்சியைச் செருகியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் ஓட்டை பெரிதாகிப் பிடிமானம் போய்விடும். ஓட்டையே போடக்கூடாது. பெருவிரல் பருமனில், ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான பச்சை வேப்பங்குச்சியை இரு முனையும் கூராகச் சீவி, நுங்கு எடுத்த காயின் முதுகுப்பக்கம் நடுவில் வைத்துக் கல்லால் தட்டி இறக்குங்கள். கண் இருந்த பக்கம் வெளியே பார்க்கட்டும். இரண்டு காய்க்கும் இடையே ஒரு சாண் இடைவெளி போதும். முனை வெளியே நீட்டினால் வெட்டிவிடுங்கள், காலைக் கிழிக்கும்.

ஒரு பக்கம் இழுப்பதற்குக் காரணம் காய்களின் அளவு. ஒன்று சிறிதானால் வண்டி அந்தப் பக்கமே வளையும். குச்சி நடுவில் ஏறாவிட்டால் குதித்துக் குதித்து ஓடும். ரொம்ப இளசான காய் நசுங்கும், கொஞ்சம் முற்றியது பார்த்து எடுங்கள்.

தள்ளும் கவட்டைக் குச்சி மூன்று, நாலடி இருக்கலாம். கவட்டையின் இடுக்கில் அச்சு உட்கார வேண்டும். அச்சு அதற்குள் சுழலுவதால், உரசும் இடத்தில் மட்டும் பட்டையை உரித்து வழவழப்பாக்குங்கள். இரண்டு மூன்று நாளில் காய் காய்ந்து சுருங்கிப் பிடி தளரும். பழுது பார்க்காதீர்கள், சித்திரை வைகாசியில் நுங்குக்கா பஞ்சம்? பழைய சட்டை போட்டு விடுங்கள், காயின் கறை போகாது.

கேள்வி: முதுகில் சுரைக்குடுவை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் நாங்கள். பிள்ளைகளுக்கும் அதே முறை போதாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: அதே கிணற்றில் மூழ்கிப்போன பிள்ளைகள் இன்று கடிதம் எழுத முடியாது. அதையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தை எடைபோட வேண்டும். இறைப்பு நின்ற கிணறு வேண்டாம். படி இடிந்திருக்கும், அடியில் முள்ளும் கம்பியும் கிடக்கும். மோட்டார் உள்ள கிணற்றில் மின்சாரத்தை நிறுத்தாமல் யாரும் இறங்கக்கூடாது. குடுவையோ கேனோ மிதக்க உதவுமே தவிர, காவல் அல்ல. கயிற்றை இடுப்பில் கட்டினால் தலை கவிழும், அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றிக் கட்டுங்கள். நீந்தத் தெரிந்த பெரியவர் தண்ணீருக்குள், கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

யாராவது மூழ்கினால் குதிக்காமல் கயிறு, சேலை, கம்பு எதையாவது நீட்டச் சொல்லிப் பழக்குங்கள். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் தவறு. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, 30 முறை நெஞ்சை அழுத்தி, 2 முறை ஊதி, விடாமல் தொடருங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

கேள்வி: மகளுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. வெயிலில் விளையாடினால் பவர் குறையுமா?
– வாசகி, கோவை

பதில்: வந்த பவர் இறங்காது. ஆனால் கிட்டப்பார்வை வராமல் தடுக்க, வெளியில் இருப்பது உதவுகிறது. சீனாவின் குவாங்சௌவில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. அப்படி விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம். உங்கள் வீட்டில் சின்னவன் இருந்தால் இப்போதே வெளியே அனுப்புங்கள். உச்சி வெயில் தேவையில்லை, மரநிழல் வெளிச்சமே வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு. அக்னி நட்சத்திர நாட்களில் காலை 9 மணிக்குள், மாலை 4.30-க்கு மேல். கண்ணாடியைக் கழற்றாமல் விளையாடச் சொல்லுங்கள்.