கண்காணிப்பு மென்பொருளுக்கு எல்டாப் உள்நுழைவு: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அலுவலக வலையமைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பலர், சபிக்ஸ், லிப்ரேஎன்எம்எஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருள்களை ஆக்டிவ் டைரக்டரியோடு அல்லது ஓப்பன்எல்டாப்போடு இணைப்பது பற்றிக் கேட்டிருந்தார்கள். ஆக்டிவ் டைரக்டரியும் ஓப்பன்எல்டாப்பும் அலுவலகத்தாரின் கணக்குகளை ஒரே இடத்தில் வைக்கும் டைரக்டரிகள், அவற்றைக் கேட்டுப் பயனரைச் சரிபார்க்கும் நெறிமுறைதான் எல்டாப். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

களுவாஞ்சிகுடி: அண்ணன், நாங்கள் நாலு பேர்தான். எங்களுக்கும் எல்டாப் தேவையா?

தேவை. ஒருவர் வேலையை விட்டுப் போனால் டைரக்டரியில் அவர் கணக்கை முடக்கினால் போதும், ஒவ்வொரு மென்பொருளாகத் தேடி அழிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் அமர்வு மட்டும் அதோடு உடனே மூடிவிடாது, அதைத் தனியாக முடியுங்கள்.

கல்முனை: பைண்ட் டிஎன் இடத்தில் டொமைன் அட்மின் கணக்கைக் கொடுத்தேன், வேலை செய்கிறது. அப்படியே விடலாமா சேர்?

இன்றைக்கே மாற்றுங்கள் தம்பி. பைண்ட் டிஎன் என்பது மென்பொருள் டைரக்டரிக்குள் நுழையும் கணக்கின் முழுப்பெயர், பயனரைத் தேடிப் பார்க்க மட்டுமே அந்தக் கணக்கு. ஆக்டிவ் டைரக்டரியில் அதற்குச் சாதாரண டொமைன் பயனரே போதும். மென்பொருள் அந்தப் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருப்பதால், மீட்டெடுக்கக்கூடிய வடிவில்தான் வைத்திருக்கும். பேக்கப் கோப்பு ஒன்று வெளியே போனால் முழு டொமைனும், அதாவது அந்த டைரக்டரியின் கீழுள்ள எல்லாக் கணினிகளும் கணக்குகளும், போனது போலத்தான். ‘சிஎன்=நெட்மொனிட்டர், ஓயு=சேவைக்கணக்குகள்’ என்பதுபோல் தனிக் கணக்கு திறந்து, நீளமான பாஸ்வேர்ட் வையுங்கள். அது காலாவதியானால் ஒரே நாளில் எல்லோரும் வெளியே நிற்பீர்கள், அந்தத் திகதியையும் குறித்து வையுங்கள்.

அக்கரைப்பற்று: எங்கள் டைரக்டரி சேர்வர் கொழும்பில். லைன் விழுந்தால் சபிக்ஸுக்குள் போக முடியவில்லை.

எல்லோரும் கவனிக்க வேண்டிய கேள்வி இது. லைன் விழுந்த நேரத்தில்தான் கண்காணிப்புத் திரை மிகவும் தேவை, அந்த நேரம் பார்த்து உள்ளே விடும் சேர்வரோ அதே லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. முதல் வேலை, உள்ளூர் நிர்வாகிக் கணக்கு ஒன்றை விட்டுவைப்பது. சபிக்ஸில் தனிப் பயனர் குழு ஒன்று அமைத்து, அதன் முகப்பு அணுகலை ‘இன்டர்னல்’ என்று வைத்தால் அந்தக் குழு எல்டாப்பைக் கேட்காது. பாஸ்வேர்டை உறையிலிட்டு மேலாளரின் அலுமாரியில் பூட்டி வையுங்கள்.

அப்புறம், வசதியிருந்தால் கிளை அலுவலகத்திலேயே டைரக்டரியின் ஒரு பிரதி. விண்டோஸ் சேர்வர் 2008 முதல் வாசிக்க மட்டுமான டொமைன் கன்ட்ரோலர் (ஆக்டிவ் டைரக்டரியை வைத்திருக்கும் சேர்வர்) வைக்கலாம். அனுமதித்த கணக்குகளின் பாஸ்வேர்ட் மட்டுமே அதில் தங்கும். லைன் விழுவதற்கு முன்பே உங்கள் ஆட்களின் கணக்குகளோடு பைண்ட் கணக்கையும் அதில் சேமிக்கச் செய்துவிடுங்கள்.

காத்தான்குடி: உள் வலையமைப்புத்தானே, 389 போர்ட் போதாதா?

போதாது. 389 எல்டாப்பின் வழக்கமான போர்ட், அதில் குறியாக்கம் இல்லாத சாதாரண பைண்டில் (உள்நுழைவில்) பாஸ்வேர்ட் அப்படியே கம்பியில் போகும், வலையில் போகும் தரவைப் பார்க்கும் வயர்ஷார்க் தெரிந்த எவரும் வாசிக்கலாம். 389இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் (அதே இணைப்பைக் குறியாக்கத்துக்கு மாற்றும் கட்டளை) போடுங்கள், அல்லது தொடக்கத்திலிருந்தே குறியாக்கம் உள்ள 636க்கு மாறுங்கள். டைரக்டரி சேர்வரின் சான்றிதழில் உள்ள பெயரையே முகவரியாகக் கொடுங்கள். ஐபி எண் கொடுத்தால் பெயர் பொருந்தாமல் இணைப்பு முறியும். உடனே சான்றிதழ்ச் சரிபார்ப்பை நிறுத்திவிடாதீர்கள், பெயரைத் திருத்துங்கள்.

ஏறாவூர்: கரண்ட் போய் வந்த பிறகு 636 வேலை செய்யவில்லை. அமைப்பில் எதையும் மாற்றவில்லை அண்ணன்.

கண்காணிப்பு சேர்வரின் திகதியைப் பாருங்கள். மதர்போர்ட் பேட்டரி செத்திருந்தால் கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போய்விடும். அந்தத் திகதிப்படி சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை, அதனால் நிராகரிக்கிறது. பேட்டரியை மாற்றி, என்டிபி (வலைவழி நேர ஒத்திசைவு) நேரத்தை டொமைன் கன்ட்ரோலரிலிருந்து எடுக்க வையுங்கள்.

வாழைச்சேனை: சரியான பாஸ்வேர்டையே கொடுத்தும் மறுக்கிறது.

பிழைச் செய்தியில் ‘டேட்டா’ என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஆக்டிவ் டைரக்டரியில் 525 என்றால் அப்படியொரு பயனர் இல்லை, 532 பாஸ்வேர்ட் காலாவதி, 533 கணக்கு முடக்கம், 775 பூட்டப்பட்டது. 525 வந்தால் பேஸ் டிஎன்னையும் (தேடல் தொடங்கும் இடம்) பயனர் பெயர்ப் புலத்தையும் சரிபாருங்கள். ஆக்டிவ் டைரக்டரியில் அந்தப் புலம் பெரும்பாலும் ‘எஸ்ஏஎம்அக்கவுண்ட்நேம்’, ஓப்பன்எல்டாப்பில் ‘யுஐடி’. மென்பொருளைத் தொடுவதற்கு முன் அதே விபரங்களை எல்டாப்சர்ச் கட்டளையில் கொடுத்துப் பாருங்கள். அங்கே வராதது இங்கேயும் வராது.

சம்மாந்துறை: சுவிட்ச்களுக்கும் இதே வழியா?

பெரும்பாலான சுவிட்ச்கள் ரேடியஸ் என்ற வேறொரு உள்நுழைவு நெறிமுறையைக் கேட்கும். ஃப்ரீரேடியஸ் சேர்வர் ஒன்றை நடுவில் வைத்து அதே டைரக்டரியோடு இணைக்கலாம். சரி, முதலில் சபிக்ஸை முடியுங்கள்.