கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்காவில் மருத்துவ இன்சூரன்ஸ்

நியூ ஜெர்சியில் ஓர் எலும்பு டாக்டரின் கிளினிக்கில் 22 வருடம் இன்சூரன்ஸ் மேசையில் இருந்தேன். ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் முன் அனுமதி வாங்குவதும், மறுத்தால் அப்பீல் போடுவதும்தான் என் வேலை. இந்த மாதக் கடிதங்களைப் படித்தபோது அந்த மேசைக்கே திரும்பிப் போனதுபோல இருந்தது. உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

மூன்று மாதமாக முழங்கால் வலி. மாடிப்படி இறங்க முடியவில்லை. டாக்டர் எம்ஆர்ஐ எழுதினார். இன்சூரன்ஸ் கம்பெனி "மருத்துவ ரீதியாக அவசியமில்லை" என்று மறுத்துவிட்டது. டாக்டர் ஆபீஸில் "நாங்கள் அனுப்பிவிட்டோம், அவ்வளவுதான்" என்கிறார்கள். கைக்காசு போட்டு எடுத்துவிடட்டுமா அக்கா?
– வாசகர், டாலஸ்

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. முதலில் அந்த மறுப்புக் கடிதத்தைக் கையில் எடுங்கள். முதல் பக்கத்தில் நீங்கள் சொன்ன அந்த ஒரு வரிதான் இருக்கும். பின்னால் புரட்டிக்கொண்டே போங்கள். எந்த விதிப்படி மறுத்தார்கள், எத்தனை நாளுக்குள் எங்கே அப்பீல் செய்யலாம் என்பதெல்லாம் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். முழங்கால் எம்ஆர்ஐக்குப் பல கம்பெனிகள் கேட்பது ஒன்றைத்தான்: ஆறு வாரம் பிசியோதெரபியோ மருந்தோ முயன்று பார்த்தீர்களா, அதற்குத் தேதியோடு ஆதாரம் இருக்கிறதா?

எங்கள் கிளினிக்குக்கு ஓர் அம்மா வந்தார்கள், எழுபது வயதிருக்கும். மகள் வீட்டுப் பக்கம் ஓரிடத்தில் இரண்டு மாதம் தெரபி செய்திருந்தார்கள். எங்கள் டாக்டர் குறிப்பில் "தெரபி செய்தார், பலனில்லை" என்று ஒரே வரி. மறுப்பு வந்தது. தெரபி நடந்த இடத்துக்குப் போன் போட்டு 14 நாள் தாள்களையும் வாங்கினேன். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று ஒவ்வொரு தாளிலும் அளந்து எழுதியிருந்தார்கள். முதல் நாள் 95 டிகிரி, பதினான்காவது நாளும் 95. அந்த எண்கள் கண்ணில் பட வேண்டுமே என்று மஞ்சள் மார்க்கரால் அடித்து ஃபேக்ஸ் அனுப்பினேன். மறுபடியும் மறுப்பு. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, எடுத்த பெண்ணிடம் படித்துக் காட்டச் சொன்னால், "எண் இருக்கிற இடமெல்லாம் கறுப்புப் பட்டையாக இருக்கிறது மேடம்" என்றாள். சில ஃபேக்ஸ் மெஷின்களில் மஞ்சள் மை கறுப்பாகிவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஓரத்தில் பேனாவால் அம்புக்குறி மட்டும் போட்டுத் திரும்ப அனுப்பினேன். மூன்றாம் நாள் அனுமதி வந்துவிட்டது. அந்த அம்மாவின் முழங்கால் இடையில் மாறவே இல்லை. படிக்கிறவர் கண்ணுக்குத் தாள் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் உங்கள் டாக்டர் ஆபீஸில் "என்ன அனுப்பினீர்கள், எனக்கு ஒரு நகல் கொடுங்கள்" என்று கேளுங்கள். மறுப்புக்கு அடிப்படையான விதியையும் உங்கள் கோப்பையும் இன்சூரன்ஸ் கம்பெனி இலவசமாகத் தர வேண்டும், எழுதிக் கேளுங்கள். அவர்களுடைய டாக்டரோடு உங்கள் டாக்டரே நேரடியாகப் போனில் பேசவும் வழி உண்டு. பல கம்பெனிகளில் இதற்குச் சில நாட்கள்தான் அவகாசம், முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். அப்பீல் போட, மறுப்பு கிடைத்த நாளிலிருந்து 180 நாள் அவகாசம். சிகிச்சைக்கு முன்பே போடும் அப்பீலுக்கு 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்; அவசரம் என்றால் 72 மணி நேரம். அங்கேயும் கைவிரித்தால் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வெளி மருத்துவர் பார்க்கும் பரிசீலனை உண்டு. அதைக் கேட்க நான்கு மாதம். அவர் உங்கள் பக்கம் தீர்ப்பு சொன்னால் கம்பெனி கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

பெரிய கம்பெனியில் வேலை செய்கிறவராக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். கார்டில் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தாலும், வைத்தியச் செலவுக்குப் பணம் போடுவது உங்கள் முதலாளியாகவே இருக்கலாம். 2024 கணக்குப்படி, வேலை வழியாக இன்சூரன்ஸ் பெறும் ஊழியர்களில் 63 சதவீதம் பேர் இப்படிப்பட்ட பிளானில்தான் இருந்தார்கள். இவற்றுக்கு 1974-ஆம் வருடத்து மத்தியச் சட்டம்தான். மாநில இன்சூரன்ஸ் துறையிடம் போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் உங்கள் ஹெச்ஆர் ஒரு வார்த்தை சொன்னால் நகரும். நானே பார்த்திருக்கிறேன்.

ஊரில் டாக்டர் எழுதினால் அன்றைக்கே ஸ்கேன். இங்கே எனக்கும் டாக்டருக்கும் நடுவில் இந்தக் கம்பெனி எப்படி வந்து உட்கார்ந்தது?
– வாசகி, சான் ஹோசே

இது ஒரு பாலைவனத்தில் ஆரம்பித்த கதை. 1933-இல் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் கால்வாய் வேலை நடந்தபோது, சிட்னி கார்ஃபீல்ட் என்ற இளம் டாக்டர் அங்கே சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி போட்டார். வைத்தியம் பார்த்த பிறகு வர வேண்டிய பணம் சரியாக வராமல் தவித்தார். தொழிலாளி ஒருவருக்கு நாளுக்கு ஐந்து சென்ட் வீதம் முன்கூட்டியே கொடுத்துவிடுவது என்று பிறகு ஏற்பாடானது. பணம் முதலிலேயே வந்துவிடுவதால், ஆட்கள் காயப்படாமல் இருப்பதுதான் டாக்டருக்கும் நல்லது என்றாகிவிட்டது. இந்த ஏற்பாடு ஹென்றி கைசர் என்ற தொழிலதிபரின் அணைக்கட்டு வேலைக்கும் கப்பல் கட்டும் தளங்களுக்கும் போய், 1945-இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இன்றைய கைசர் பெர்மனென்டே என்ற பெரிய மருத்துவ நிறுவனம் அதுதான். 1973 டிசம்பரில் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் ஹெச்எம்ஓ என்ற பெயரில் இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது.

யோசனை நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் முன்பணம் வாங்கியவருக்கு மிச்சம் பிடிக்க இரண்டு வழி இருக்கிறது. ஆளை நோயில்லாமல் வைத்திருக்கலாம். நோய் வந்த பிறகு செலவைத் தள்ளிப்போடலாம். இரண்டாவது சுலபம். 2010-ஆம் வருடச் சட்டம் பிரீமியத்தில் 80 அல்லது 85 சதவீதத்தை வைத்தியத்துக்குச் செலவிட வேண்டும் என்று ஓரளவு கடிவாளம் போட்டது. செலவு என்னவோ நிற்கவில்லை. 2023-இல் இந்த நாடு மருத்துவத்துக்குச் செலவிட்டது 4.9 டிரில்லியன் டாலர். வேலை வழியாக வரும் குடும்ப இன்சூரன்ஸின் சராசரி பிரீமியம் 2024-இல் 25,572 டாலர். அதில் ஊழியர் கையிலிருந்து போவது 6,296. மீதியை முதலாளி கட்டுகிறார் என்று சந்தோஷப்படுகிறோம். அதுவும் சம்பளமாக வந்திருக்க வேண்டிய பணம்தான்.

நவம்பரில் பிளான் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். பிரீமியம் குறைந்ததை எடுப்பதா, டிடக்டிபிள் குறைந்ததை எடுப்பதா?
– வாசகர், அட்லாண்டா

தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். டிடக்டிபிள் என்பது இன்சூரன்ஸ் பணம் கொடுக்கத் தொடங்கும் முன் வருடத்துக்கு நீங்களே கட்ட வேண்டிய தொகை. ஒன்றுக்கு மாதம் 150 டாலர், டிடக்டிபிள் 4,000; இன்னொன்றுக்கு மாதம் 400, டிடக்டிபிள் 500 என்று வையுங்கள். இரண்டாவதற்கு வருடத்துக்கு 3,000 டாலர் கூடக் கட்டுகிறீர்கள். வருடாந்திரப் பரிசோதனையும் தடுப்பூசியும் நெட்வொர்க்குக்குள், அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்களிடம், இரண்டிலும் இலவசம். ஆரோக்கியமான இளைஞருக்கு முதலாவது போதும். வீட்டில் பிரசவமோ ஆபரேஷனோ வரப்போகிறது என்றால் கணக்கு மாறும். அப்போது டிடக்டிபிளைவிட, வருடத்துக்கு அதிகபட்சம் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்ற எண்ணைப் பாருங்கள். 2025-இல் சட்டப்படி அது ஒருவருக்கு 9,200, குடும்பத்துக்கு 18,400 டாலரைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. இது நெட்வொர்க்குக்குள் மட்டும்தான்.

டாக்டர் ஆபீஸில் "இந்தக் கம்பெனியின் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். கார்டில் இருக்கும் பிளான் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி, "இந்தப் பிளானின் நெட்வொர்க்கில் இந்த டாக்டர் இருக்கிறாரா?" என்று கேளுங்கள். ஒரே கம்பெனிக்குள் பத்து நெட்வொர்க் இருக்கும்.

இப்போது கம்ப்யூட்டரே மறுத்துவிடுகிறதாமே, உண்மையா?
– வாசகி, சியாட்டில்

மென்பொருள் வடிகட்டுவது பல காலமாகவே உண்டு. இப்போது செயற்கை நுண்ணறிவு சேர்ந்திருக்கிறது. மருத்துவ அவசியம் இல்லை என்று மறுக்கும் முடிவை உரிமம் பெற்ற டாக்டரோ தகுதியுள்ள மருத்துவப் பணியாளரோதான் எடுக்க வேண்டும், மென்பொருள் எடுக்கக் கூடாது என்று கலிபோர்னியா 2024-இல் சட்டம் போட்டது. 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மற்ற மாநிலத்துக்காரர்களும் கடிதத்தில் கையெழுத்திட்ட டாக்டர் யார், எந்தத் துறை என்று கேட்கலாம். முழங்கால் விஷயத்தை வேறு ஏதோ துறை டாக்டர் மறுத்திருந்தால் அதையே அப்பீலில் முதல் வரியாக எழுதுங்கள்.

இதே தொழில்நுட்பத்தால் நல்லதும் நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். மெடிகேர் அட்வான்டேஜ் (முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாகப் பெறுவது), மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) போன்ற பிளான்கள் 2026-லிருந்து சாதாரண முன் அனுமதிக்கு ஏழு நாளில், அவசரத்துக்கு 72 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் திட்டவட்டமான காரணம் சொல்ல வேண்டும் என்று மத்திய விதி வந்திருக்கிறது. 2027-இல் கோரிக்கையைக் கம்ப்யூட்டர் வழியாகவே அனுப்ப வசதி செய்ய வேண்டும். மருந்துகளுக்கு இந்த விதி கிடையாது, வேலை வழியாக வரும் பிளான்களுக்கும் கிடையாது. எனக்குப் பிறகு அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண் இன்னமும் ஃபேக்ஸ்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவுக்கு கிரீன் கார்டு வந்து ஐந்து வருடம் முடிந்து மெடிகேர் எடுத்திருக்கிறோம். பல், கண்ணாடி எல்லாம் சேர்த்து மெடிகேர் அட்வான்டேஜ் தருகிறோம் என்று தினமும் போன் வருகிறது. மாற்றலாமா?
– வாசகி, எடிசன்

பல்லைப் பார்த்து மட்டும் மாற்றாதீர்கள் அம்மா. மெடிகேர்காரர்களில் பாதிக்கு மேல் இன்றைக்கு அட்வான்டேஜில்தான் இருக்கிறார்கள். பலருக்கு அது ஒத்துவருகிறது. ஆனால் அங்கே நெட்வொர்க் உண்டு, முன் அனுமதி உண்டு. 2023-இல் அந்தப் பிளான்கள் 32 லட்சம் முன் அனுமதிக் கோரிக்கைகளை முழுதாகவோ பகுதியாகவோ மறுத்தன. அவற்றில் அப்பீலுக்குப் போனது 11.7 சதவீதம்தான். போனவற்றில் 81.7 சதவீதத்தில் முடிவு மாறியது. அப்படியானால் கடிதத்தை மடித்து வைத்துவிட்ட அத்தனை அம்மாக்களின் கதி என்ன என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

திரும்பி வரும் வழியையும் பாருங்கள். பழைய மெடிகேரோடு சேர்த்து எடுக்கும் மெடிகேப் பாலிசியை, அட்வான்டேஜில் ஒரு வருடம் கழித்துக் கேட்டால், பல மாநிலங்களில் உடல்நிலையைக் காட்டி மறுத்துவிடலாம். நியூ யார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் நான்கில்தான் எப்போதுமோ, வருடத்தில் ஒரு குறிப்பிட்ட காலத்திலோ மறுக்க முடியாது. உங்கள் நியூ ஜெர்சி அந்த நான்கில் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, இதயம் என்று ஏதாவது இருந்தால் நூறு முறை யோசியுங்கள்.

என் கணவருக்கு நெஞ்சு வலி வந்து ஆம்புலன்ஸில் போனோம். எதிர்பாராத பில்லுக்குத் தடை என்று சட்டம் இருக்கிறதே, ஆம்புலன்ஸ் பில் மட்டும் ஏன் வந்தது?
– வாசகி, ஹூஸ்டன்

2022 ஜனவரியில் அமலுக்கு வந்த அந்தச் சட்டம் அவசர சிகிச்சைப் பிரிவையும், ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸையும்கூடச் சேர்த்தது. ரோட்டில் ஓடும் ஆம்புலன்ஸை விட்டுவிட்டது. சில மாநிலங்கள் சொந்தமாகச் சட்டம் போட்டிருக்கின்றன. டெக்சஸிலும் உண்டு, ஆனால் உங்கள் பிளான் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கார்டில் "டிடிஐ" (டெக்சஸ் இன்சூரன்ஸ் துறையின் சுருக்கம்) என்ற எழுத்துகள் இருந்தால் உட்பட்டது. கார்டைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அதுவரை பில்லுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். பில் போட்டவர்களைக் கூப்பிட்டு, "இன்சூரன்ஸோடு பேசிக்கொண்டிருக்கிறேன், வசூலுக்கு அனுப்பாதீர்கள்" என்று சொல்லி, பேசியவர் பெயர், தேதி, நேரம், அழைப்பு எண் நான்கையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கணவர் இப்போது எப்படி இருக்கிறார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.